டேக்ஓவரும் ஈதரும்: ஒரு டிஸ் பாடலை முழுதாகக் கேட்பது எப்படி

டிஸ் பாடல் என்பது ஒரு ராப் பாடகர் இன்னொருவரைத் தாக்கிப் பாடுவது. அதை முதன்முறை கேட்பவர் காதில் வசவு மட்டுமே விழும். யாரோ யாரையோ திட்டுகிறார், கேட்டவர்கள் வாயைப் பிளக்கிறார்கள், நமக்கோ ஒன்றும் ஒட்டுவதில்லை. காளமேகத்தின் வசைக்கவியை உரையில்லாமல் படித்தாலும் இதுதான் நேரும். யாரைப் பாடினார், அந்த ஆள் அதற்கு முன் என்ன வம்பு செய்தார் என்பது தெரிந்தால்தான் சிலேடை திறக்கும்.

ஹிப்ஹாப்பில் இப்படிப்பட்ட மோதல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒன்றை அடிவரை தோண்டுவது மேல். எனவே இந்த வழிகாட்டி 2001ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஜே-ஸீ, நாஸ் என்ற இரு ராப் பாடகர்களுக்கிடையே நடந்த மோதலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஜே-ஸீயின் 'டேக்ஓவர்', நாஸின் 'ஈதர்' ஆகியவையே மையப் பாடல்கள். இந்த இணையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இருவரும் தேர்ந்த சொல்லாளர்கள், இருவரும் பெரும் பெயர் பெற்றிருந்தபோது மோதினார்கள், யார் வென்றார் என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை.

தேவையானவை: இரண்டு மணி நேரத் தனிமை, நல்ல ஹெட்போன், இரு பாடல்களின் வரிகளும் அச்சிட்ட தாள், ஒரு பென்சில். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இரண்டிலும் கெட்ட வார்த்தைகள் ஏராளம். பிள்ளைகள் அருகில் இருக்கும்போது ஒலிபெருக்கியில் போட வேண்டாம்.

முதல் படி: வசவுக்கு முன் ஆளைக் கேளுங்கள்

டிஸ் பாடலில் நேரடியாகக் குதிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. திட்டு வாங்குபவரின் மேன்மை தெரியாவிட்டால் அந்தத் திட்டின் எடையும் தெரியாது.

நாஸின் முதல் ஆல்பமான 'இல்மாட்டிக்' 1994 ஏப்ரலில் வந்தது. அப்போது அவருக்கு வயது 20. குயின்ஸ் பகுதியிலுள்ள குயின்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர், அந்தக் கட்டடங்களின் படிக்கட்டுகளையும் மூலைகளையும் ஒளிப்படக் கலைஞன் போலச் சொல்லில் பிடித்தார். அறிமுக ஆல்பத்துக்கே 'தி சோர்ஸ்' என்ற ஹிப்ஹாப் இதழ் தன் உச்ச மதிப்பெண்ணான ஐந்து மைக்குகளைக் கொடுத்தது.

ஜே-ஸீ புரூக்ளினின் மார்சி குடியிருப்பைச் சேர்ந்தவர். அவரது முதல் ஆல்பம் 'ரீசனபிள் டவுட்' 1996 ஜூனில் வந்தது. வயதில் நாஸைவிட ஏறத்தாழ நான்கு ஆண்டு மூத்தவர். ஆல்பக் கணக்கில் இரண்டு ஆண்டு இளையவர். இந்த முரணைத் தாளின் மூலையில் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முழு ஆல்பங்களையும் கேட்க நேரமில்லையென்றால் இரண்டு பாடல்களையாவது அடுத்தடுத்துக் கேட்டுவிடுங்கள். முதலில் நாஸின் 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்', பிறகு ஜே-ஸீயின் 'டெட் பிரசிடென்ட்ஸ்'. இரண்டாவது பாடலின் பல்லவியில் ஒலிக்கும் குரல் ஜே-ஸீயுடையது அன்று. நாஸின் குரலை அவரது பாடலிலிருந்து வெட்டியெடுத்துப் பல்லவியாக ஒட்டியிருக்கிறார்கள். அதாவது சாம்பிள். இந்த மோதலின் கரு அங்கேயே விழுந்துவிட்டது. அந்த ஆல்பத்துக்கு நாஸை நேரில் பாட அழைத்ததாகவும் அவர் வரவில்லை என்றும் ஜே-ஸீ தரப்பு சொல்லிவந்திருக்கிறது. ஆள் வரவில்லை, குரல் மட்டும் வந்தது.

இரண்டாம் படி: காலியான நாற்காலியைப் பாருங்கள்

1997 மார்ச் 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ராப் பாடகர் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. சுட்டுக் கொல்லப்பட்டார். புரூக்ளின்காரர், ஜே-ஸீயின் நண்பர், 'நியூயார்க்கின் அரசர்' என்று அழைக்கப்பட்டவர். அவருடன் பகை பாராட்டிய ராப் பாடகர் டுபாக் ஷகூர் அதற்கு ஆறு மாதம் முன்பு, 1996 செப்டம்பரில், லாஸ் வேகஸில் சுடப்பட்டு இறந்திருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அரியணை காலியானது. ஜே-ஸீ ஆண்டுக்கு ஓர் ஆல்பம் என்று வேகமெடுத்து அதை நோக்கி நடந்தார். இறந்தவரின் பெயரைச் சொல்லி அரசர் பட்டம் கேட்பது தவறு என்று நாஸ் 1999இல் ஒரு பாடலில் பெயர் குறிப்பிடாமல் குத்தினார். இரண்டு, அச்சம். பாட்டுச் சண்டை பிணத்தில் முடியக்கூடும் என்பதை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. 2001இன் மோதல் அந்த நிழலில்தான் நடந்தது. பாட்டுக்குப் பாட்டு என்ற எல்லைக்குள் அது நின்றதையும் ஒரு சாதனையாகவே நான் கருதுகிறேன்.

மூன்றாம் படி: வரிசையைச் சரிசெய்யுங்கள்

எசப்பாட்டில் யார் முதலில் பாடினார் என்பது தெரியாமல் பதிலை ரசிக்க முடியாது. வரிசை இதுதான்.

சிறு உரசல்கள் நாஸுக்கும் ஜே-ஸீயின் சீடரான மெம்ஃபிஸ் பிளீக்குக்கும் இடையே தொடங்கின. 2001 ஜூனில் ஹாட் 97 வானொலி நடத்தும் சம்மர் ஜாம் கச்சேரி மேடையில் ஜே-ஸீ 'டேக்ஓவர்' பாடலின் முற்பகுதியைப் பாடினார். அன்று அதன் முதன்மை இலக்கு மாப் டீப் என்ற ராப் இரட்டையரில் ஒருவரான பிராடிஜி. அவரது சிறுவயது நடன உடைப் படத்தைப் பெருந்திரையில் காட்டிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார்கள். கடைசியில் நாஸின் பெயரையும் ஜே-ஸீ ஒரே வரியில் இழுத்துவிட்டார்.

நாஸ் அந்தக் கோடையிலேயே, எரிக் பி. மற்றும் ராக்கிமின் 'பெய்ட் இன் ஃபுல்' தாளத்தின் மேல் ஒரு ஃப்ரீஸ்டைல் (ஆல்பத்துக்கு வெளியே, வேறொருவர் தாளத்தில் பாடும் ராப்) பாடிப் பதிலடி கொடுத்தார். அதற்குள் ஜே-ஸீ தன் பாடலில் நாஸுக்கென்றே ஒரு முழுச் சரணத்தைச் சேர்த்து முடித்தார். அந்தப் பாடல் இடம்பெற்ற 'தி புளூபிரிண்ட்' ஆல்பம் வெளியான நாள் 2001 செப்டம்பர் 11. ஆம், அதே செப்டம்பர் 11. நகரம் புகையில் மூழ்கியிருந்த அந்த வாரத்திலும் ஆல்பம் 4,27,000 பிரதிகளுக்கு மேல் விற்றது.

'ஈதர்' டிசம்பரில் வந்தது. அது இடம்பெற்ற 'ஸ்டில்மாட்டிக்' ஆல்பத்தின் வெளியீட்டு நாள் டிசம்பர் 18. இடையில் மூன்று மாத மௌனம். நாஸ் முடிந்துபோனார் என்று பலர் முடிவுகட்டிய மூன்று மாதம் அது.

நான்காம் படி: பென்சிலுடன் 'டேக்ஓவர்'

முதல் முறை வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். இசை அமைத்தவர் அப்போது பெரிதாக அறியப்படாத கான்யே வெஸ்ட். தி டோர்ஸ் ராக் குழுவின் 'ஃபைவ் டு ஒன்' பாடலிலிருந்து எடுத்த கனத்த நடை, படை அணிவகுத்து வருவதைப் போல மிதித்துக்கொண்டே வருகிறது. ஜே-ஸீ எங்கும் கத்தவில்லை. கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டிக்கொண்டே வேலையாளை நீக்கும் தொனி அது.

இரண்டாம் முறை தாளை எடுங்கள். நாஸைப் பற்றிய சரணத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஓர் அடையாளம் இடுங்கள்: சரிபார்க்கக்கூடிய குற்றச்சாட்டுக்கு ஒரு கோடு, வெறும் கேலிக்கு ஒரு புள்ளி, அந்தரங்கத்தைச் சுட்டும் பூடகத்துக்கு ஒரு கேள்விக்குறி. முடித்துப் பார்த்தால் கோடுகளே அதிகம் இருக்கும். இந்தப் பாடலின் தனித்தன்மை அதுதான். ஒரு வழக்கறிஞர் வாதம் வைப்பதைப் போல ஆதாரம் அடுக்குகிறார்.

மூன்று கோடுகளை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்கலாம்.

ஒன்று, ஆல்பக் கணக்கு. பத்து ஆண்டில் நான்கு ஆல்பம், அதில் உருப்படி ஒன்றுதான், ஆகவே உன் சராசரி பத்து ஆண்டுக்கு ஒரு நல்ல ஆல்பம் என்கிறார். கேட்கும்போது மறுக்கவே முடியாததுபோல் இருக்கும். பென்சிலால் கணக்குப் போடுங்கள். 'இல்மாட்டிக்' 1994, அடுத்தது 1996, பிறகு 1999இலேயே இரண்டு. நான்கு என்பது சரி. ஆனால் 1994இலிருந்து 2001வரை ஏழு ஆண்டுதான். பத்து எங்கிருந்து வந்தது? 1991இல், 17 வயதில், மெயின் சோர்ஸ் குழுவின் பாடலொன்றில் நாஸ் விருந்தினராகப் பாடிய அந்த ஒரு சரணத்திலிருந்து கடிகாரத்தை ஓடவிட்டால்தான் பத்து வரும். தராசின் ஒரு தட்டில் லேசாக விரலை வைத்திருக்கிறார். நல்ல டிஸ் பாடலின் கைவேலை இப்படித்தான் இருக்கும்: எண் முக்கால்வாசி உண்மை, மீதியைத் தாளம் மறைத்துவிடும்.

இரண்டு, துப்பாக்கி. தன் பாடல்களில் நாஸ் பேசும் டெக் ரகத் துப்பாக்கியை அவருக்கு முதன்முதலில் காட்டியதே தான்தான் என்கிறார் ஜே-ஸீ. உன் தெருவாழ்க்கைக் கதைகள் இரவல் என்பது இதன் பொருள். தெருவைப் பாடிப் புகழ்பெற்றவருக்கு இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு இல்லை.

மூன்று, அந்தக் குரல். ஆம், உன் குரலை எடுத்தேன், நீ அதைத் தவறாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தாய். உன்னிடம் அது நல்ல வரியாக இருந்தது, நான் நல்ல பாட்டாக்கினேன் என்கிறார். எனக்கு இந்தப் பாடலிலேயே மிகவும் பிடித்த இடம் இது. திருட்டுக் குற்றச்சாட்டு வருமுன்பே அதை ஒப்புக்கொண்டு பெருமையாக மாற்றிவிடுகிறார். இதோடு, அந்த சாம்பிளுக்கான பணம்கூட உனக்கு வரவில்லை என்று 'இல்மாட்டிக்' உருவாக்கத்தில் பங்கிருந்த எம்.சி. செர்ச்சின் பெயரை வைத்து ஒரு குத்து.

சரணம் முடியும் இடத்தில் கேள்விக்குறி வரும். யாரோ யாருடனோ ஏதோ செய்தது உனக்கே தெரியும், சொல்லமாட்டேன் என்கிறார். சொல்லாமல் விட்டதுதான் அங்கே வேலை செய்கிறது. இதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: 'ஈதர்' பாடலை மூன்று முறை

முதல் முறை தொடக்கத்தை மட்டும். துப்பாக்கிச் சத்தம், அதன்மேல் டுபாக்கின் பழைய பாட்டிலிருந்து எடுத்து வேகத்தைக் குறைத்த குரல், ஜே-ஸீயைப் பெயர் சொல்லி ஏசுகிறது. என் குரலை வெட்டி உன் பாட்டில் ஒட்டினாய் அல்லவா, இதோ நானும் ஒரு குரலை ஒட்டுகிறேன் என்பதுபோல. அதுவும் இறந்தவரின் குரல். நாஸ் அப்படித் திட்டமிட்டாரா என்பது வேறு விஷயம். கேட்பவர் காதில் அந்தக் கணக்கு நேராகிவிடுகிறது.

தலைப்புக்கும் ஒரு பொருள் உண்டு. ஈதர் என்ற வேதித் திரவத்தின் நெடி ஆவிகளுக்கு ஆகாது என்று கேள்விப்பட்டதாகவும், எதிரியின் ஆன்மாவையே தொட விரும்பியதாகவும் நாஸ் விளக்கியிருக்கிறார். இசையமைத்தவர் ரான் பிரௌஸ் என்ற, அப்போது பரவலாகத் தெரியாத இளைஞர்.

இரண்டாம் முறை அதே மூன்று அடையாளங்களுடன். இப்போது புள்ளிகள் குவியும். தோற்றத்தைக் கேலி செய்கிறார், உதட்டை, மீசையை. வயதையும் விட்டுவைக்கவில்லை. 36 வயதில் கராத்தே வகுப்பா என்று சிரிக்கிறார்; ஜே-ஸீக்கு அந்த டிசம்பரில்தான் 32 நிரம்பியது. கணக்கில் இருவருமே நேர்மையாளர்கள் அல்லர். பாலின விருப்பத்தை வைத்து ஏசும் இடங்களும் நிறைய உள்ளன. அன்று கூட்டம் சிரித்திருக்கலாம், இன்று கேட்டால் அந்த வரிகள் பாடலின் மிகப் பலவீனமான பகுதிகளாக நாறுகின்றன.

ஆனாலும் கோடுகள் அறவே இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றையும் 'டேக்ஓவர்' தாளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துப்பாக்கியைக் காட்டியது நீயா? எண்பதுகளின் இறுதியில் உன்னிடம் துப்பாக்கியுமில்லை, காசுமில்லை, காருமில்லை. ஜாஸின் சங்கிலியை மாட்டிக்கொண்டு ஹவாய்ச் சட்டையோடு அலைந்தாய் என்கிறார். ஜாஸ் என்பவர் ஜே-ஸீயின் குரு. 1989இல் வந்த அவரது 'ஹவாயன் சோஃபி' வீடியோவில் இளம் ஜே-ஸீ உண்மையாகவே அந்தக் கோலத்தில் நிற்கிறார். அந்த வீடியோவைத் தேடிப் பார்த்துவிட்டு மறுபடி இந்த வரிக்கு வாருங்கள். 'புளூபிரிண்ட்' உன் கிரீடமா? அதில் விருந்தாளியாக வந்த எமினெம் 'ரெனகேட்' பாடலில் உன்னைத் தின்றுவிட்டார். பி.ஐ.ஜி.யின் வரிகளை இன்னும் எத்தனை முறை உன் வாயால் ஒப்பிப்பாய்? ஒரே ஒரு நல்ல ஆல்பம் என்ற கணக்குக்கோ ஆல்பத்தின் பெயரே பதில்: அன்றைக்கு இல்மாட்டிக், இன்றைக்கும் ஸ்டில்மாட்டிக்.

மூன்றாம் முறை, தாளை மடித்து வைத்துவிட்டுத் தொனியை மட்டும் கேளுங்கள். இங்கேதான் நிதானிக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் வசவு சட்டென்று நின்று குரல் கனிகிறது. நீ என் சகோதரன், உன்மேல் எனக்கு அன்பு உண்டு, செல்வத்துக்காக ஆன்மாவை விற்றுவிட்டாய், என் குழந்தாய், நீ வளர்ந்து பேரெடுப்பதைத் தகப்பன்போலப் பார்த்துப் பூரித்தேன் என்கிற பொருளில் பேசுகிறார். முதல் படியில் குறித்துவைத்த முரணை இப்போது எடுங்கள். நான்கு ஆண்டு இளையவர், மூத்தவரைப் பிள்ளையென்று அழைக்கிறார்.

என் பார்வையில் 'ஈதர்' வென்றது இந்த இடத்தில்தான். ஜே-ஸீ நாஸின் சாதனையைக் குறைத்தார். எண்ணைக் குறைத்தால் அடுத்த ஆல்பத்தால் அதைக் கூட்டிவிடலாம். நாஸ் மாற்றியதோ உறவுமுறையை. அப்பன், பிள்ளை என்று ஒருமுறை காதில் விழுந்த பிறகு 'டேக்ஓவர்' பாடலைக் கேட்டால், படைத்தளபதியின் குரல் போலிருந்தது வீட்டில் கோபித்துக்கொண்ட மகனின் குரல்போலக் கேட்கத் தொடங்குகிறது. சாம்பிள் எடுத்த செயலே அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. தகப்பன் குரலைத்தானே பிள்ளை திரும்பச் சொல்லும்? ஜே-ஸீ பெருமையாக ஒப்புக்கொண்ட அதே சான்று, கட்சி மாறி நின்றது.

ஆறாம் படி: எல்லை மீறிய பதிலைக் கேளுங்கள், ஒருமுறை போதும்

சில நாட்களிலேயே ஜே-ஸீ 'சூப்பர் அக்லி' என்ற பதிலை வானொலியில் வெளியிட்டார். எதிரியின் புதுப்பாட்டான 'காட் யுவர்செல்ஃப் எ கன்' தாளத்தையே பிடுங்கி அதன்மேல் பாடியது சாமர்த்தியம்தான். ஆனால் 'டேக்ஓவர்' பூடகமாக விட்டிருந்த அந்தக் கேள்விக்குறியை இங்கே போட்டு உடைத்துவிட்டார். நாஸின் குழந்தையின் தாயைச் சண்டைக்குள் இழுத்து, அருவருப்பான விவரங்களுடன் பாடினார்.

நுணலும் தன் வாயால் கெடும். சொல்லாதவரை ஆயுதமாக இருந்தது, சொன்னதும் சொன்னவரின் சிறுமையாகிவிட்டது. ஜே-ஸீயின் தாயார் பாட்டைக் கேட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். மகன் அதே ஹாட் 97 வானொலிக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். தகப்பன் வேடம் போட்ட எதிரியின் பாட்டுக்குப் பிறகு, அம்மா அதட்டிப் பிள்ளை மன்னிப்புக் கேட்ட காட்சி! எந்தக் கவிஞனும் இதைவிட நன்றாக எழுதியிருக்க மாட்டான். அந்த வானொலி நடத்திய நேயர் வாக்கெடுப்பிலும் 'ஈதர்' முந்தியது.

ஏழாம் படி: உங்கள் தீர்ப்பை எழுதுங்கள்

இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எது நல்ல பாட்டு? எது நல்ல டிஸ்? இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் கால்நூற்றாண்டாகச் சண்டை ஓயவில்லை. இசை, கட்டமைப்பு, வாதம் எல்லாவற்றிலும் எனக்கு 'டேக்ஓவர்' ஒரு படி மேல். விருந்தினர் முன்னால் போடத் தகுந்த பாட்டு. 'ஈதர்' இசையாகக் கேட்டால் தகரச் சத்தம்தான். ஆனால் 'ஈதர்' என்பதே ஒருவரைச் சொல்லால் கரைத்துவிடுவதைக் குறிக்கும் வினைச்சொல்லாக ராப் ரசிகர்கள் பேச்சில் நிலைத்துவிட்டது. 'டேக்ஓவர்' எந்த அகராதிக்கும் புதுப்பொருள் கொடுக்கவில்லை. நீங்கள் வேறு முடிவுக்கு வந்தால் தாளிலுள்ள கோடுகளையும் புள்ளிகளையும் காட்டி வாதாடுங்கள், அதற்குத்தான் பென்சில்.

இதே முறையை வேறு மோதல்களுக்கும் பயன்படுத்தலாம், கடிகாரத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். 2001இல் பாட்டுக்கும் பதிலுக்கும் இடையே மாதங்கள் கிடந்தன, ரசிகர்கள் மென்று தின்ன நேரமிருந்தது. 2024இல் கென்ட்ரிக் லாமரும் டிரேக்கும் மோதியபோது மே 3 இரவு ஒருவர் பாட்டு வந்து ஒரு மணி நேரம் ஆகுமுன்பே மற்றவர் பாட்டு வந்தது. மறுநாளே கென்ட்ரிக்கின் 'நாட் லைக் அஸ்'. அங்கே வரிசையைச் சரிசெய்யும் மூன்றாம் படிக்கே ஒரு மாலை தேவைப்படும்.

கடைசிப் படி: மீண்டும் அந்தப் பழைய பல்லவி

2005 அக்டோபர் 27. நியூ ஜெர்சியில் ஜே-ஸீயின் கச்சேரி. 'நான் போர் அறிவிக்கிறேன்' என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். யார்மேல் பாயப்போகிறார் என்று அரங்கம் காத்திருந்தது. அவர் மேடைக்கு அழைத்தது நாஸை. அப்போது டெஃப் ஜாம் இசை நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஜே-ஸீ; அடுத்த ஆண்டே நாஸ் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். 2006 டிசம்பரில் வந்த நாஸின் ஆல்பத்தில் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டும் பாடினார்கள்.

அந்த இரவின் ஒளிப்பதிவு எங்காவது கிடைத்தால் தேடிப் பாருங்கள், தாளும் பென்சிலும் வேண்டாம். 'டெட் பிரசிடென்ட்ஸ்' தாளம் தொடங்குகிறது. ஜே-ஸீ பாடுகிறார். பல்லவி வரும் இடத்தில், ஒன்பது ஆண்டாக ஒலிநாடாவிலிருந்து மட்டுமே வந்துகொண்டிருந்த குரல், ஆளோடு மேடைக்கு வந்து பாடுகிறது.